டுவால் கப்டன்

எங்கள் வீட்டில் எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் டுவால் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரெஞ்சில் அதற்குப் பள்ளத்தாக்குக்காரர் என்று பொருளாம். முல்லைத்தீவுக் கரையில் மலையே இல்லை, பள்ளத்தாக்கு எங்கிருந்து வரும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் சட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து வாலைத் தேடுவார்கள்.

வீடு என்றால் சித்தியும் அவருடைய அண்ணனான மாமாவும் நானும்தான். அம்மா மோட்சத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு என் வகுப்பில் பலருடைய அம்மாமார் அங்கேதான் இருந்தார்கள் என்பதால் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு எட்டு வயதில், சித்தியைப் பெண் பார்க்கப் பூவரசங்குளத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் அமர்ந்ததுமே, இந்தப் பெயர் எந்த வழியில் வந்தது என்று விசாரித்தார். மாமா அதற்காகவே காத்திருந்தவர்போலத் தொடங்கினார். பிரெஞ்சுக் கப்பலொன்று எங்கள் கடலில் உடைந்ததாம். அதன் கப்டன் டுவால் நீந்திக் கரையேறி, எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டினாராம். அவருடைய வாள் வெகுகாலம் அலுமாரியில் இருந்து, இடப்பெயர்வில் தொலைந்துபோனதாம். எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளையும் இடப்பெயர்வில் தொலைந்ததாகச் சொல்லிவிடலாம். அத்தாட்சி கேட்க யாருக்கும் மனம் வராது.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் யாருடைய பிள்ளை என்று கேட்டார். தங்களுடைய அக்காவின் பிள்ளை என்றார் மாமா. அந்த அம்மா என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கப்டனின் மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்றார். இனி வாலைத் தேடுகிறவர்களுக்கு வாளைப் பற்றிச் சொல்லலாம் என்று நான் பூரித்துப்போனேன்.

தேத்தண்ணியோடு வந்த சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தட்டத்தை மேசையில் வைத்தார்.

"கப்பலும் இல்லை, கப்டனும் இல்லை. கொள்ளை நோயில தாய் தகப்பனைப் பறிகுடுத்த ஒரு பொடியனுக்கு, ஞானஸ்நானம் குடுத்த பிரெஞ்சுச் சுவாமியார் தன்ர பேரைக் குடுத்தவர். அந்தப் பொடியன்தான் எங்கட பூட்டன்."

மாப்பிள்ளையின் தாய் என் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "அப்ப இந்தப் பிள்ளை?"

சித்தி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவளும் அப்பிடித்தான் டுவால்."

வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரியாதையாகப் போனார்கள். சில நாட்களில், பொருத்தம் சரியில்லை என்று தரகர் வந்து சொன்னார். மாமா சித்தியோடு கதைக்காமலே கடலுக்குப் போய்வந்தார். நான் குசினி மூலையில் இருந்து அழுதேன். தன் கலியாணம் குழம்பியதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துச் சித்தி என்னைத் தேற்றினார். நான் அழுததோ கப்டனுக்காக. ஏன் சொன்னீர்கள் என்று கோபித்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"அந்தப் பொடியனை ஒளிச்சுப்போட்டு நான் எங்க போய் வாழுறது?"

எப்போதோ செத்துப்போன ஒரு பொடியனுக்காக யாராவது கலியாணத்தை விடுவார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சண்டையின் கடைசி நாட்களில், கடற்கரை மணலில் தனியே கிடந்து அழுத, யாருடையதென்றே தெரியாத ஒரு கைக்குழந்தையைச் சித்தி தூக்கிக்கொண்டு நடந்திருந்தார். அந்தக் குழந்தைக்குக் கொடுக்க அவரிடம் தன் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன.