கரையை விட்டு வராத கமோடர்

காலை பத்து மணி, நான்கு நோட்டுகள், ரியர் அட்மிரல் தரணேந்திரன்: நாளிதழில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற எனக்கு, ஆரணியில் வீடு தேடி வந்த முதல் வேலை, இந்த நோட்டுகளைப் புத்தகமாக்கித் தருவதுதான். பிழை பார்த்தே பிழைக்கிறவர்களுக்குத் தெரியும். எழுதியவர் தூங்கிவிடுவார், நமக்குத்தான் தூக்கம் வராது.

நோட்டில் இருந்தது

எல்லாம் போர்க்காலத்துச் சொந்த அபிப்பிராயங்கள். எதிரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கூடவே கப்பல் நடத்திய கமோடர் ராமபத்ரனைப் பற்றி நாற்பது பக்கம். நடுக்கடலுக்குப் போய் மோத வேண்டும் என்பது இவர் கட்சி. துறைமுகத்தை ஒட்டியே நின்று காக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தச் சண்டையோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. "இன்னுமா கோபம் சார்?" என்றேன்.

"எதிரிகூட கடைசியில சமாதானத்துக்கு வந்தான். இவன் வரலையே."

சாப்பாட்டு வேளை

அட்மிரல் சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். ஐந்தரைக்கெல்லாம் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுவார். கப்பலில் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன்.

"ராமபத்ரன்தான் எனக்கு மட்டும் முன்னாலயே தட்டு போடச் சொல்லுவான். இதெல்லாம் எழுதிக்காதீங்க."

ஐம்பதில் ஒன்று

குடும்பத்துக்கு மட்டும் என்று ஐம்பது பிரதிகள் அச்சடித்தோம். பத்து நாள் கழித்து அட்மிரல் வேர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு வந்தார், பின்னாலேயே அவர் மனைவியும். அந்த அம்மா ஒரு பிரதியைச் சென்னைக்கு, ராமபத்ரனுக்கே தபாலில் அனுப்பிவிட்டார். "கடைசி வரை கரையை விட்டு வரவில்லைன்னு எழுதியிருக்கேன். கோழைன்னுதானே அர்த்தம்? அவனுக்கு இப்பதான் பைபாஸ் ஆச்சு. படிச்சிட்டு ஏதாவது ஆனா?" என்றார் அட்மிரல்.

அந்த அம்மா அசரவில்லை. "ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தீங்களே, அவருக்கு மட்டும் ஏன் மறைக்கணும்?"

மல்லிகா செய்த வேலை

மறுநாள் சென்னையிலிருந்து ராமபத்ரனே போன் செய்தார். அழுதாராம். கோபத்தில் இல்லை. "கரையை விட்டுத் தரவில்லைன்னு நீயாவது எழுதினியேடா" என்றாராம். அட்மிரல் புத்தகத்தோடும் நோட்டோடும் மறுபடி வந்தார். நோட்டைப் பார்த்தேன்: 'விட்டு வரவில்லை.' புத்தகத்தைப் பார்த்தேன்: 'விட்டுத் தரவில்லை.' புரூஃப் பார்த்தவன் நான். என் கண்ணிலும் படவில்லை.

டைப் செய்தவர் கம்ப்யூட்டர் சென்டர் மல்லிகா. பட்டு நெய்கிற வீட்டுப் பெண். கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"எங்க தறியில கரை விட்டுகினு வந்தா புடவையே வீண் சார். கரையை விடாதவருன்னா கெட்டிக்காரரு, அதுக்கு 'விட்டுத் தரவில்லை'ன்னுதான வரணும். பெரியவர் அவசரத்துல தப்பா எழுதிட்டாருன்னு சரி பண்ணேன்."

துண்டுச் சீட்டு

பத்திரிகைப் புத்தி போகுமா? பிழைதிருத்தம் ஒன்றை எழுதி, மற்ற பிரதிகளிலாவது ஒட்டலாம் என்று எடுத்துப் போனேன். அட்மிரல் இரண்டு முறை படித்தார். நான்காகக் கிழித்தார்.

"துறைமுகத்துல ஒரு குண்டுகூட விழல. அவன் நின்னதாலதான். அந்தப் பொண்ணு எழுதினதே இருக்கட்டும்."

நான் கோட்டைவிட்ட பிழைகளில் எனக்கு நன்றி வாங்கித் தந்தது இது ஒன்றுதான். இந்த வருடம் தை மூன்றாம் தேதி, கமோடர் ராமபத்ரன் ஆரணிக்கு வந்து அட்மிரல் வீட்டில் இரண்டு நாள் தங்கிப் போனார்.