கஸ்தூரி அக்காவின் அளவுக் கயிறு

தொப்பி மடித்திருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை, வேன் ஓட்டும் குமார் அண்ணன் எங்கள் வீட்டுக் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, நான் பின்னிய பச்சைத் தொப்பியை உள்ளே நீட்டினார். கஸ்தூரி அக்கா எதையும் மடிக்கிறவர் இல்லை. தொப்பியைக் கசக்கிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்.

"அக்கா போய்ட்டாங்க, தங்கச்சி," என்றார் அண்ணன். வேலை முடிந்து உடை மாற்றப் போனவர், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. நான் தொப்பியை வாங்கிக்கொண்டேன். கதவைத் திறக்கக்கூட இல்லை.

அக்காவோடு மாசாயிலிருந்து எல்லை தாண்டிச் சிங்கப்பூர்க் குளிர்கிடங்குக்கு வேனில் போய்வந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களோடு வரும் மலாய் அக்கா, காக் சல்மாவுக்கு யாராவது படித்து மலாயில் சொல்லுங்கள். உங்கள் ஜாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்வெட்டரைப் பின்னியவள் நான்தான். போன வாரம் வரை உங்கள் முகங்கள் எனக்குத் தெரியாது. உங்களை ராஃபியா பிளாஸ்டிக் கயிறுகளாகத்தான் தெரியும். தலைக்கு ஒன்று, கைக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று என்று ஆளுக்கொரு கயிற்றில் மூன்று முடிச்சு போட்டு அக்கா கொண்டுவருவார். "இது சும்மாவே சிரிக்கிற ஆளு. இது எந்நேரமும் மூக்கு ஒழுகுற ஆளு," என்று ஒவ்வொரு கயிற்றுக்கும் அறிமுகம் நடக்கும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். அம்மா தொழிற்சாலைக்குப் போனார். நான் நான்காவது மாடியில் அப்பாவோடு இருந்து, ஃபோனைப் பார்த்துப் பின்னப் பழகினேன். பிறகு அப்பா தானாக எழுந்து நடமாடுகிற அளவுக்குத் தேறினார். அப்போதும் நான் கீழே போகவில்லை. படியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் என்ன சொல்வது என்ற பயம். ஒருநாள் எங்கள் துணிக்கொம்பில் காய்ந்த தொப்பியைப் பார்த்துவிட்டு மூன்றாவது மாடியில் குடியிருந்த கஸ்தூரி அக்கா ஏறி வந்தார். "மாசாய் வெயில்ல கம்பளித் தொப்பியா? பைத்தியமா லா நீ?" என்றவர், அடுத்த மூச்சில், "எனக்கு ஒன்னு பின்னிக் குடு," என்றார்.

அவருக்குப் பின்னிய முதல் ஸ்வெட்டரை நான் கெடுத்தேன். வீட்டில் அவர் மெல்லிய டீ-சட்டையோடு நின்றபோது அளவெடுத்தேன். குளிர்கிடங்கில் அவர் அதை இரண்டு சட்டைக்கு மேல் போட்டார். அன்று முழுவதும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மேல்தட்டுப் பெட்டிகளை உங்களில் யாரோதான் இறக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். மாலையில் எனக்குக் காட்டுவதற்காக அப்படியே ஏறி வந்து கழற்றப் பார்த்தார். கழுத்து காதருகே சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, தலை உள்ளே.

"ஏய் பூங்கொடி! உள்ள இருந்தா ஒன் வீடு மாதிரியே இருக்குடி! கைய அசைக்க முடியல, வெளிய வர வழி தெரியல!"

அப்பா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். கழுத்தின் கடைசி வரியை நான் எப்போதும் இறுக்கி முடிப்பேன். அக்கா உள்ளே இருக்கும்போதே அந்த வரியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தேன். வியர்த்து வழிந்த முகம் வெளியே வந்தது. "கழுத்துக்கு ஒரு வெரலு எடம் வுடு. மனுஷன் மூச்சு வுட வேணாமா?"

பக்கத் தையலைப் பிரித்து, அக்குளில் ஒரு துண்டு பின்னிச் சேர்த்தேன். அதற்குப் பிறகு அளவு பார்க்க வரும்போதெல்லாம் எல்லாச் சட்டைகளையும் மாட்டிக்கொண்டு வருவார். எங்கள் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி ஐஸ்பெட்டி மேல் வைத்து இறக்குவார். கை தடையில்லாமல் போய்வந்தால்தான் ஸ்வெட்டர் தேறியது.

காக் சல்மாவின் ஸ்வெட்டரும் கழுத்து வரை வந்து பின்னி முடியாமல் நின்றது. கயிற்றில் கழுத்துக்கு முடிச்சு கிடையாது. நானாக ஊகித்துப் பின்னுவேன். அவர் தலையையும் கழுத்தையும் மூடும் துடோங் அணிகிறவர். அந்தத் துணியும் கழுத்துக்குள் அடங்க வேண்டும். "எனக்கு அளக்கத் தெரியல. நீயே வந்து பாரு. சனிக்கிழமை வேன் கீழ ரெண்டு நிமிஷம் நிக்கும்," என்றார் அக்கா. அடுத்த வாரம் என்றேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன். அக்கா கதவோரத்து ஆணியைக் காட்டினார். "சாவி உள்ளதானே தொங்குது? அப்புறம் யாரு ஒன்ன பூட்டி வச்சிருக்கா?"

கடைசிச் சனிக்கிழமை கீழே நின்று கத்தினார். "எறங்கி வாடி! நாலு மாடிதானே, நிலாவா?" நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வேனைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். மூன்று நாளில் அவர் இல்லை.

அவருடைய இறுதிச் சடங்குக்கும் நான் இறங்கவில்லை. ஒரு மாடிதான் கீழே. மேளச் சத்தம் தரை வழியாக என் காலுக்கு வந்தது. தொப்பியை அம்மாவிடம் கொடுத்து அவர் தலைமாட்டில் வைக்கச் சொன்னேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய கயிறுதான். சிவப்பு வெளுத்துப்போன ராஃபியா. மூன்று முடிச்சுக்குப் பிறகும் ஒரு முழம் மிச்சம் இருக்கும். "நான் குண்டானா ஒதவும்," என்று அவர் விட்டு வைத்தது.

இந்தச் சனிக்கிழமை நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். ஹார்ன் சத்தம் கேட்டதும், "அப்பா, கீழ போய்ட்டு வரேன்," என்றேன். அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார். அக்காவின் கயிற்றையும் ஆணியிலிருந்து சாவியையும் எடுத்தேன். மூன்றாவது மாடியில் அக்காவின் செருப்பு இன்னும் வாசலில் கிடந்தது. வேனருகே வந்ததும் நான் கயிற்றைத் தூக்கிக் காட்டினேன். காக் சல்மா வேனிலிருந்து இறங்கி, என் உயரத்துக்குக் குனிந்தார். துடோங்கின் மேல் கயிற்றைச் சுற்றி, ஒரு விரலை உள்ளே விட்டு, மிச்சமிருந்த முனையில் நான்காவது முடிச்சைப் போட்டேன்.