அம்மா கணக்கில் சிங்கப்பூர்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்? நாலு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. தூரம் கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். இதை உங்கள் போனே சொல்லிவிடும். எங்கள் திருவண்ணாமலை வீட்டில் இதற்கு வேறொரு கணக்கு உண்டு. போன செவ்வாய்க்கிழமை அதில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

தங்கை கலா கல்யாணமாகி முதன்முதலாக சிங்கப்பூர் கிளம்பிய நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இருபது வருஷம் இருக்கும். விமானத்தைப் பக்கத்தில் பார்த்தேயிராத அம்மா முந்தின நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. எவ்வளவு நேரம் மேலேயே இருக்கும் என்று மாப்பிள்ளையைக் கேட்டாள். நாலு மணி நேரம் என்றார். அம்மா முகம் சட்டென்று தெளிந்தது.

"மலை சுத்துற நேரம்தானா? அப்ப நான் சுத்திட்டு வந்துடுறேன்."

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கலா விமானம் ஏறினால், அம்மா வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பிவிடுவாள். பதினாலு கிலோமீட்டர். துணைக்கு நான். போன் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும் — பேசிக்கொண்டே சுற்றினால் பலன் சேராதாம். வழியில் நிருதி லிங்கம் கோயில் வந்தால், "இப்ப கடல் மேல போவா" என்பாள். மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை ஊர் வந்தால் பாதிக் கடல் தாண்டியாச்சு என்று சுக்குக் காபி வாங்கித் தருவாள். நான் கேலி செய்துகொண்டே குடிப்பேன். அந்த நடைகளை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது...

ஏனென்றால், அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. லீவுக்கு வந்திருந்த கலாவுக்குச் செவ்வாய் காலை பத்து மணி விமானம். அம்மாவைப் பொறுத்தவரை, கீழே மலை சுற்ற ஆளில்லை என்றால் மகள் முதன்முறையாகத் துணையில்லாமல் பறக்கப்போகிறாள். அம்மாவின் பார்வை என் காலில் வந்து நின்றது. சரி, நான் போகிறேன் என்றேன்.

பத்து மணிக்குக் கிளம்பினேன். தார் ரோடு சுட்டது. கேலி செய்த வாய் சாமி பேரைச் சொன்னது. இரண்டு மணிக்கு நொண்டிக்கொண்டே வீடு திரும்பினால், அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் போன்.

விமானம் லேட்டாம். நான் கிளம்பிய பத்தாவது நிமிஷமே கலா கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். அதை எனக்குச் சொல்லத்தான் வழியில்லை.

"இப்பத்தான் ஏறி உக்காந்திருக்கா. நீ சுத்தினது அவளுக்குச் சேராதுப்பா." சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீ சாப்புடு. நான் மெதுவா போயிட்டு வரேன்."

அந்தக் காலோடு! எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அவள் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தேன். கோபம் போய் அழுகை வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்தேன். மலையைச் சுற்றணும், ஆனால் நாலு மணி நேரம் ஆகணும் என்றேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"முக்கால் மணி நேரமே ஜாஸ்தி சார்."

பொண்ணு சிங்கப்பூர் போறா என்று அம்மா விளக்கினாள். அவருக்கு என்ன புரிந்ததோ, அதற்கப்புறம் ஒவ்வொரு லிங்கத்திலும் வண்டியை ஓரங்கட்டி, அவரே அம்மாவைக் கைபிடித்து இறக்கினார். அடி அண்ணாமலையில் அம்மா மூன்று சுக்குக் காபி சொன்னாள்.

ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கலாதான், இறங்கிவிட்டாளாம். "சரி, போய் சாப்புடு" என்று மட்டும் சொல்லி வைத்த அம்மா, காலை நீட்டிப் படுத்தாள். அப்படியே தூங்கிவிட்டாள்.

விமானம் கிளம்பும்போது விமானியின் பெயரை மைக்கில் சொல்வார்களாம். கீழேயிருந்து கூடவே ஓட்டுகிறவர் பெயரை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.