பூட்டிய வீட்டுக்கும் பலகாரம் வரும்

பலகாரத்துக்குப் பயந்து ஒருத்தி ஊரை விட்டு ஓடுவாளா?

நான் ஓடினேன். இந்தத் தீபாவளிக்குத்தான். விடிந்ததும் முதல் பஸ். பட்டுக்கோட்டையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு. புருஷன், பையன், ரெண்டு பை... கதவில் பெரிய பூட்டு.

"தீபாவளி நமக்கு இல்லையே... எதுக்கு இந்த ஓட்டம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் எங்க வீட்டுக்காரர். பஸ்ஸில் நாலு பேர் காது கேட்க எப்படிச் சொல்வது — கிறிஸ்துமஸ் செலவைக் குறைக்கத்தான் ஓடுகிறோம் என்று?

புரியவில்லையா? சொல்கிறேன்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவர்கள் நாங்கள் ஒரு வீடுதான். மற்ற எட்டு வீட்டிலிருந்தும் தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரத் தட்டு வரும். அதே எட்டு வீட்டுக்கும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து தட்டு போகும். யாரும் எழுதி வைக்காத சட்டம். வாங்கினால் கொடுக்க வேண்டும். அதுவும் வாங்கினதை விட ஒரு அயிட்டமாவது கூட!

நல்ல பழக்கம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் வருகிற நேரத்தைப் பாருங்கள். குறுவை விற்ற காசு சம்பா நடவோடு போயிருக்கும். சம்பா அறுக்கத் தை முடிய வேண்டும். நடுவில் நிற்கிறது மார்கழி. உரம், களையெடுப்பு, மருந்து என்று எல்லாம் வீட்டிலிருந்து வயலுக்குப் போகிற மாதம். வயலிலிருந்து வீட்டுக்கு வருவது காலில் ஒட்டின சேறு மட்டும்தான்.

இந்த வருஷம் இன்னும் மோசம். ஐப்பசி மழையில் இளம்பயிர் தண்ணிக்குள் கிடந்தது. குத்தகை நிலம். வடிகால் வெட்டிவிட்டு, அழுகின இடத்தில் மறுபடி நாற்று வாங்கி நட்டு... கையில் இருந்தது எல்லாம் அந்தச் சேற்றுக்குள் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீடு பூட்டியிருந்தால் தட்டு வராது. தட்டு வராவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் போட்ட கணக்கு. எவ்வளவு கச்சிதம், பாருங்கள்!

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தோம். பூட்டில் சாவியைக்கூட இன்னும் போடவில்லை... பக்கத்து வீட்டு சரோஜா அக்கா குரல்.

"ஏ ஸ்டெல்லா! சொல்லாமக் கொள்ளாம எங்கடி போன? தெருவே உன்னைத் தேடுது."

"தங்கச்சிக்கு உடம்பு முடியலக்கா..." என்றேன். பொய். தங்கச்சி குத்துக்கல் மாதிரி இருக்கிறாள்.

"அட பாவமே. இப்ப தேவலையா? சரி, முதல்ல இதை எடுத்துட்டுப் போ. எட்டு வீட்டுத் தட்டும் என் வீட்டுலதான் இருக்கு. நீ இல்லைன்னு எல்லாரும் என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல எங்க பாலுக்கே இடமில்லடி!"

எட்டு வீட்டுப் பலகாரமும் ஒரு பெரிய எவர்சில்வர் பேசினில். அதிரசம், சோமாசா, லட்டு, மிக்ஸர்... அதற்கு மேல் தங்கச்சி உடம்புக்காகச் சரோஜா அக்கா ஒரு பாட்டில் தீபாவளி லேகியம் வேறு வைத்தார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினதும் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"பட்டுக்கோட்டைக்குப் போயிட்டு வர பஸ்ஸுக்கு எவ்வளவு ஆச்சு?"

நான் லேகியப் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்தேன்.

டிசம்பர் வந்தது. என் கவலைக்கும் சீசன் வந்தது. "நீ கவலைப்படுறதுக்கு எவனாவது சம்பளம் குடுத்தா இந்நேரம் நாம சொந்தமா நிலம் வாங்கியிருக்கலாம்" என்பார் எங்க வீட்டுக்காரர். என்ன செய்ய? சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை. எனக்கு ரத்தத்தில் கவலை.

முடிந்த வரைக்கும் இழுத்துப் பிடித்தேன். புதுத்துணி பையனுக்கு மட்டும். ஸ்டார் பழசுதான். கிழிந்த மூலையில் கலர் பேப்பர் ஒட்டி, பல்பை மாற்றினதும் ஜம்மென்று எரிந்தது. இயேசு பிறந்த குடிலுக்கு வைக்கோல் நம் வீட்டிலேயே இருக்கிறது. சூசையப்பர் சிலைக்கு ஒரு கை உடைந்திருந்தது. புதுசு வாங்காமல் குடிலில் இருக்கிற மாட்டுப் பொம்மைக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. அவரும் கஷ்டப்பட்ட குடும்பஸ்தர்தானே?

ஆனால் எட்டு தட்டு? அதை எந்த மாட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது?

வழக்கமாக அச்சு முறுக்கு, கல்கல், ரவா லாடு, கைமுறுக்கு — அதோடு கும்பகோணத்திலிருந்து கேக். முனை வீட்டு டீச்சரம்மா சுத்த சைவம். அவங்களுக்கு மட்டும் முட்டை போடாத கேக். அது விலை கூட. எண்ணெய் விற்கிற விலையில் எட்டு வீட்டுக்கு இத்தனை அயிட்டம் என்றால்... தலை சுற்றியது.

ஒரே வழி, என் கம்மல். போன அறுப்பில்தான் அடகுக் கடையிலிருந்து மீட்டு வந்தோம். மறுபடி வைத்தால் வட்டி ஏறும். சம்பாவில் வருகிறது வட்டிக்குப் போகும். அப்புறம் அடுத்த குறுவைக்கு எதை வைத்து நடுவது? எல்லாம் தெரியும். தெரிந்தும், கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, காதில் கவரிங்கை மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரர் வயலுக்குப் போன நேரம் பார்த்து பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் யார்? சரோஜா அக்கா! கரண்ட் பில் கட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க, கும்பகோணமா?"

"ஆமாக்கா... சும்மா... கேக் சொல்லலாம்னு..."

என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் காதைப் பார்த்தார்.

"கம்மல் எங்க?"

"வீட்டுல..."

"இது கவரிங்குன்னு எனக்குத் தெரியாதா? கைக்குட்டையில என்ன முடிச்சு? உக்காருடி இப்படி."

உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை தட்டினதும் உடைகிற மடை மாதிரி எல்லாம் கொட்டிவிட்டது. நாற்று அழுகினது, மறுநடவு, எட்டு தட்டு, டீச்சரம்மா கேக், பட்டுக்கோட்டைக்கு ஓடினது, தங்கச்சிக்கு இல்லாத சீக்கு... எல்லாம்.

அக்கா திட்டுவார் என்று பார்த்தேன். சிரித்தார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சிரிக்காதீங்கக்கா. உங்களுக்கு என்ன? சிங்கப்பூர்லேர்ந்து மாசாமாசம் பணம் வருது."

சிரிப்பு நின்றது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நாலு வருஷம் முன்னாடி எங்க வீட்டுல தீபாவளி இல்லைன்னு சொன்னேனே... ஞாபகம் இருக்கா? மன்னார்குடி பெரியப்பா தவறிட்டாருன்னு?"

"ஏன் இல்லாம? துக்கம் கேக்க வந்தேனே. நீங்க கூட அழுதீங்க."

"அழுதேன்தான். ஆனா மன்னார்குடியில எனக்குப் பெரியப்பான்னு யாரும் கிடையாதுடி."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"அந்த வருஷம் அவருக்கு கம்பெனியில சம்பளமே போடல. மூணு மாசமா ஒத்தப் பைசா வரல. ஊரு பூரா என்னை சிங்கப்பூர்க்காரன் பொண்டாட்டிங்குது. வீட்டுல எண்ணெய் வாங்கக் காசில்லைன்னு சொன்னா எவ நம்புவா? எண்ணெய் இல்லைன்னு சொல்றதுக்கு வாய் வரல. பெரியப்பா இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அக்கா..."

"என்னடி?"

"நான் அந்தப் பெரியப்பாவுக்குப் பூசை வச்சேனேக்கா! காசு குடுத்து!"

"பூசையா?"

"செத்தவங்க ஆத்மாவுக்கு எங்க கோயில்ல பூசை வைப்போம். ஃபாதர் பேர் கேட்டாரு. எனக்குப் பேர் தெரியல. 'மன்னார்குடி பெரியப்பா'ன்னே சொன்னேன். பூசையில மைக்குல அதைப் படிச்சாரு!"

அவ்வளவுதான். இல்லாத ஒரு மனுஷனுக்கு மைக்கில் ஆத்ம சாந்தி! ரெண்டு பேரும் பெஞ்சில் சாய்ந்து சாய்ந்து சிரித்தோம். கண்ணில் தண்ணி. கும்பகோணம் பஸ் வந்தது. நின்றது. கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். விசில் கொடுத்தார். போய்விட்டது.

கம்மல் என் கையிலேயே இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சுடு. கைமுறுக்கு" என்றார் அக்கா, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அரிசி மாவு என்கிட்ட இருக்கு. எண்ணெய் நீ வாங்கு. உன் பூசைக் காசுக்கு மாவு சரியாப் போச்சு."

"ஒரே அயிட்டமா? டீச்சரம்மா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். வாய் இருந்தா கேக்கட்டும். காதுல கம்மலோட நின்னு பதில் சொல்லு."

வெள்ளிக்கிழமை அவரே வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தார். நான் மாவு பிசைந்தேன். அவர் விரலால் முறுக்கிச் சுற்றித் துணியில் போட்டார். நான் சுற்றினது ஒன்று கூட வட்டமாக வரவில்லை. "உன் கவலை மாதிரியே கோணலா இருக்கு" என்று அதை எல்லாம் பையனுக்கு ஒதுக்கினார். பொழுது சாய்வதற்குள் டின் நிறைந்தது. கும்பகோணம் கேக் இல்லை, ரவா லாடு இல்லை, கடன் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து, வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பினேன். முனை வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். பயம்தான்! டீச்சரம்மா தட்டை வாங்கி, மேலே மூடியிருந்த பேப்பரைத் தூக்கிப் பார்த்தாங்க.

"இது மட்டும்தானா ஸ்டெல்லா?"

"ஆமாங்க டீச்சர்... இந்த வருஷம் வயல்ல..."

டீச்சரம்மா வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாங்க. "ஏங்க! ஸ்டெல்லா வீட்டுல இந்த வருஷம் ஒரே அயிட்டம்தானாம்!"

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

"அப்பாடா!" என்று உள்ளேயிருந்து சார் குரல் வந்தது.

"நல்ல காரியம் பண்ணினம்மா" என்றாங்க டீச்சரம்மா. "நீ நாலு குடுக்குறியேன்னுதான் நான் அஞ்சு செஞ்சேன். அடுத்த வருஷம் நீ அஞ்சு குடுத்த. நான் ஆறு செஞ்சேன். முட்டி வலியோட அடுப்புகிட்ட நின்னு, 'எப்படா இந்தப் பொண்ணு நிறுத்துவா'ன்னு காத்துக்கிட்டு இருந்தேன். எங்களுக்கோ ரெண்டு பேருக்கும் சுகரு. வர்ற தீபாவளிக்கு நானும் ஒண்ணுதான். மத்த வீட்லயும் சொல்லிடு!"

எப்படி இருக்கிறது கதை? அவங்களுக்குப் பயந்து நானும், எனக்குப் பயந்து அவங்களும் இத்தனை வருஷமாக எண்ணெய்ச் சட்டியை இறக்காமல் நின்றிருக்கிறோம். மற்ற வீடுகளிலும் இதே பயம்தான் இருந்திருக்கும். யார் முதலில் நிறுத்துவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கையில் காசு இருந்திருந்தால் நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

சம்பா இன்னும் வயலில்தான் நிற்கிறது. பால் பிடிக்கிற நேரம். மறுபடி மழை வருமா, பூச்சி விழுமா — கவலை இருக்கிறது, இல்லாமல் என்ன? ஆனால் இந்தக் கிறிஸ்துமஸை நினைத்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, காதைப் பார்த்து, 'உக்காருடி' என்று சொன்னாளே... அந்த வார்த்தை எந்தக் கடையில் எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கும்?

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தால், அடியில் தூள் மட்டும். முதல் நாள் கேரல் பாட வந்த பிள்ளைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருந்தேன். அப்போதுதான் திக்கென்றது. ஏழு வீட்டுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். எட்டாவது, சரோஜா அக்கா வீடு! வெறுங்கையோடு ஓடினேன்.

"அக்கா, உங்களுக்கு ஒரு முறுக்கு கூட எடுத்து வைக்கலக்கா..."

"அட போடி" என்றார். "நான்தான் அன்னிக்குச் சுடும்போதே வயிறு முட்டத் தின்னுட்டேனே!"

அவருக்கு வெள்ளிக்கிழமை விரதம். சாயங்காலம் விளக்கு ஏற்றும் வரை பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டார். அன்றைக்கு உப்பு சரியா என்று பார்க்கக்கூட என்னைத்தான் சொன்னார்.

இப்படிப் பொய் சொல்கிறவர்கள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்!