டிராக்டர் சிவப்பு

எங்கள் ஊர்க் கோயில் சாவி கௌ வென்ஹாயின் இடுப்பில்தான் தொங்கும். மனிதர் டிராக்டர் ஓட்டுவதில் கெட்டிக்காரர், மற்றதிலெல்லாம் அவசரக்குடுக்கை. ஒரு வருஷம் அவர் மனைவி சூஃபென் நெஞ்சு வலியில் விழுந்தபோது, பிழைத்தால் குவான்யின் அம்மனுக்குப் புது வர்ணம் பூசுவதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தாள். எங்கள் பக்கத்தில் பழைய வர்ணத்தின் மேலேயே புதியதைப் பூசுவதுதான் வழக்கம். இவர் பூசியது டிராக்டருக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட். ஆயிரம் வருஷத்து மண்சிலை பளபளவென்று நின்றது. சிரித்துக்கொண்டேதான் கும்பிட்டோம்.

பிறகு பழைய சிலைகளைப் பழுது பார்க்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து டாக்டர் லூ என்ற பெண் வந்து, சிலையின் ஆடை மடிப்பிலிருந்து எள்ளளவு வர்ணத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார். கொஞ்ச நாள் கழித்து, அதைப் பெரிதாக்கிய படத்தோடு வென்ஹாய் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரன் நான், நூடுல்ஸ் கிண்ணத்தோடு அங்கேயே இருந்தேன்.

"அடுக்கடுக்கா தெரியுது பாருங்கய்யா. அடியில இருக்கிறதெல்லாம் கல்லு அரைச்சுப் பசையில குழைச்ச வர்ணம். ஈரம் அது வழியா வெளிய போயிடும். உங்க பெயின்ட் விட மாட்டேங்குது, உள்ள மண்ணு நமுத்துப்போச்சு. இத எடுக்கலேன்னா சிலையோட கை ரெண்டும் விழுந்துடும்."

வென்ஹாய்க்கு முகம் செத்துவிட்டது. "முடியாதும்மா. சாவி தரமாட்டேன்."

"ஏன்யா, அந்தப் பெயின்ட் மேல அவ்வளவு ஆசையா?" என்றாள் சூஃபென்.

"பெயின்ட் கெடக்குது. உனக்காக நேர்ந்துகிட்டதுடி. அதச் சுரண்டினா உனக்குத் திரும்பவும்..."

சூஃபென் படத்தை உற்றுப் பார்த்தாள். "அடியில இருக்கிறதெல்லாம் யாரும்மா பூசினது?"

"உங்க வீட்டுக்காரர் மாதிரி நேர்ந்துகிட்டவங்கதான்."

"என்னைக் காப்பாத்தினவ மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு உள்ளுக்குள்ள புழுங்கிட்டு நிக்கிறா. நான் நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன். இது நல்லாவா இருக்கு?" என்றவள், அவர் இடுப்பிலிருந்து சாவியைத் தானே உருவி டாக்டரிடம் கொடுத்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

சிவப்பை எடுக்க ஆரம்பித்த அன்று வென்ஹாய் கோயில் பக்கமே போகவில்லை. அடுக்களையில் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விடுய்யா, மாவு பிசையணும்."

"ஒரு கையால பிசை."

திட்டிக்கொண்டே ஒரு கையால் பிசைந்தாள்.