நிழலில் காயாத இலை

பழைய காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலம் இத்தனை வருஷமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. உள்ளே பொடிந்துபோன பேய்மிரட்டி மூலிகை இலை. மேலே கோணல் எழுத்தில், "வெடி உப்புச் சாக்குல காயப்போட்டது." எழுதியவர் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அக்கா.

அப்போது நான் விருதுநகரில் ஆராய்ச்சி மாணவி. பேய்மிரட்டிச் சாறு மலேரியாக் கிருமியைக் கொல்லுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இலையைப் பறித்துக் காயவைத்துத் தருவது அக்கா. அச்சங்குளத்துக்காரர், பட்டாசுக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தவர். முதல் தடவை சாறு விட்ட தட்டுகளில் மறுநாள் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை. பேராசிரியர் லட்டு வாங்கிக் கொடுத்தார். பத்திரிகையில் அவர் படம் வந்தது. அடுத்த இரண்டு தடவையும் புது இலை போட்டோம். கிருமிகள் சௌக்கியமாகப் பெருகின.

காரணத்தைக் கண்டுபிடித்தது படித்த நாங்கள் இல்லை, அக்காதான். எங்கள் பக்கம் பட்டாசுக்குப் போடும் வெடி உப்பு வந்த காலிச் சாக்கை யாரும் வீசமாட்டார்கள். உதறிவிட்டு மிளகாய், மொச்சை எல்லாம் அதில்தான் காயும். முதல் தடவை இலையும் அப்படித்தான் காய்ந்தது; அடுத்து வந்தவை பாயில்.

"தப்பு எம்மேலதான் சார். சாக்குல உப்பு ஒட்டியிருந்திருக்கு. கிருமி அதாலதான் செத்திருக்கும்" என்று மிச்ச இலையைப் பொட்டலம் கட்டி, எழுதி, பேராசிரியரின் மேசையில் வைத்தார். சோதித்திருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். அந்த மனிதர் அதைத் தொடக்கூட இல்லை. "கூட்டித் துடைக்கிற வேலையைப் பாரும்மா" என்றார்! கட்டுரையில் முதல் முடிவு மட்டும் போனது. "இலைகள் நிழலில் உலர்த்தப்பட்டன" என்ற பொய்யைத் தட்டச்சு செய்தவள் நான். பட்டம் போய்விடுமே என்று பயம். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒடிசாவுக்குப் பட்டாசு லோடு கொண்டுபோன அக்காவின் தம்பி குளிர்காய்ச்சலோடு திரும்பினார். மலேரியா. ஆஸ்பத்திரி மாத்திரையை மூலையில் போட்டுவிட்டுப் பேய்மிரட்டிக் கஷாயம் குடித்தார். அக்கா கூப்பிட்டு நானும் போயிருந்தேன்.

"ஏலே, அந்த இலையப் பறிச்சவளே நாந்தாம்லே. அதுல ஒண்ணுமில்ல, மாத்திரையப் போடு!"

"ஒனக்கு என்னக்கா தெரியும்? பேப்பர்லயே போட்டிருக்காக."

அக்கா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பிக்கு நினைவு தப்பிய பிறகுதான் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, லாரி ஓட்டுவது நின்றது. ஆய்வக விஷயத்தை வெளியே பேசினார் என்று அக்காவின் வேலையையும் பறித்தார்கள். போகும்போது பொட்டலத்தை என் கையில் வைத்தார். "நீங்க படிச்சவுக. வச்சுக்கோங்க" என்றார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

இப்போது நானும் பேராசிரியர். போன வாரம் ஒரு மாணவி அதே கட்டுரையோடு வந்தாள். "எத்தனை நாள் நிழல்ல காயவச்சீங்க மேடம்?"

இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கோணல் எழுத்தைப் படித்துவிட்டுக் கட்டுரையைப் புரட்டினாள்.

"இதுல உண்மையைச் சொன்னது இவங்க ஒருத்தர்தானே மேடம்? இவங்க பேரை மட்டும் காணோமே?"