மச்சானின் இரண்டாவது விளக்கு

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் விளக்கு அது. பித்தளைக் கூடு, முன்பக்கம் வெள்ளைக் கண்ணாடி, பின்பக்கம் சிவப்பு. மச்சானுடைய மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில், ஒற்றைச் சக்கரம் வைத்த பெட்டியாக, சைட்கார் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த சைட்காரின் மட்கார்டில், வண்டியின் கடைசி ஓரத்தில், அந்த விளக்கை முறுக்கி வைத்திருந்தார். பொழுது சாயத் தொடங்கியதும் அதன் முன் குந்தி உட்கார்ந்து, கைக்குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவதுபோல் கரிந்த திரியைக் கிள்ளி எறிந்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார். அவர் முகத்தில் அப்போது ஒரு பக்தி தெரியும். எனக்குச் சிரிப்பு வரும்.

மச்சான் என்றால் என் லாத்தாவின் வீட்டுக்காரர். நான் லாத்தா என்று சொல்வது என் கூடப்பிறந்த அக்காவை. மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம் ரொட்டி சுட்டு விற்கும் ரொட்டிக்கூடு ஒன்று அவர்களுக்கு இருந்தது. ஜப்பான்காரன் வந்து கோதுமை மாவு காணாமல் போன பிறகு மரவள்ளிக்கிழங்கு மாவில் ரொட்டி சுட்டோம். அதைத் தின்பதற்குப் பல் மட்டும் போதாது, பிடிவாதமும் வேண்டும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு அந்த ரொட்டிதான் போயிற்று. அதனால்தான் மச்சானின் வண்டியைப் பட்டாளத்தார் பிடுங்கிக்கொள்ளாமல் விட்டிருந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் ரப்பரிலிருந்து வடித்த ஏதோ ஒரு எண்ணெயில் அது ஓடியது. ஓடியது என்பதைவிட இருமிக்கொண்டு போனது என்பதே சரி. இளந்தாரியான நான் மாவு பிசைவேன், பின்சீட்டில் உட்கார்ந்து போவேன், மச்சானைக் கேலி செய்வேன். மச்சான் மாப்பிள்ளை உறவில் கேலி செய்யாவிட்டால்தான் குற்றம்.

கேலிக்கு அந்த விளக்கே போதுமானதாக இருந்தது. சைட்கார் வைத்த மோட்டார் சைக்கிளுக்கு முன்விளக்கு மட்டும் போதாது, சைட்காரின் வெளி ஓரத்திலும் தனியாக ஒரு விளக்கு எரிய வேண்டும், முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் தெரிய வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் மூட்டை முடிச்சோடு ஓடிப்போய்விட்டான். அதைப் பார்த்துப் பிடிக்கிற போலீஸ்காரனும் இல்லை. தேங்காய் எண்ணெயோ தாளிப்பதற்கே தட்டுப்பாடு. லாத்தா தினமும் சண்டை பிடிப்பாள்.

"ஓடிப்போன தொரைக்கு வெளக்குப் புடிக்கிறீங்களா? சட்டியில ஊத்த எண்ணெயில்ல இங்க."

மச்சான் இடது காலைச் சற்று இழுத்தபடி நடந்து போய் வண்டியைக் கிளப்புவார். அந்தக் கால்தான் அவருடைய பதில் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்து ரோட்டில் அந்திக் கருக்கலில் அவர் நடந்து வந்தபோது, எதிரே ஒற்றை விளக்கோடு ஒரு மோட்டார் சைக்கிள் வந்ததாம். "ஒரு வெளக்கப் பாத்து ஒரு வண்டிக்கு ஒதுங்கினேன் மாப்ளே. ஒதுங்கின எடத்துலதான் மீதி வண்டி, சைட்காரு, வெளக்கில்லாம வந்துச்சு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குக் கால் கூசும்.

பிறகு இருட்டடிப்புச் சட்டம் வந்தது. எல்லா வண்டி விளக்குக்கும் துணி சுற்றி வெளிச்சத்தை மங்கவைக்கச் சொன்னார்கள். சைட்காரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இனியாவது அந்தச் சின்ன விளக்கை விட்டுத்தொலைப்பார் என்று பார்த்தால், மச்சான் இரண்டுக்கும் நீலத்துணி தைத்து மாட்டினார். முன்பெல்லாம் பெரிய விளக்கு பளீரென்றும் ஓரத்து விளக்கு மினுக்கென்றும் இருக்கும். துணி கட்டியபின் இரண்டும் ஒரே அளவு மங்கலாகிவிட்டன. இதனால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

லாத்தாவுக்குத் தலைப்பிரசவம். காலையில் கண்ட வலி பொழுது சாய்ந்தும் விடவில்லை. பிரசவம் பார்க்க வந்த அம்மாள் வெளியே வந்து, "புள்ள குறுக்க கெடக்கு. என் கையில இல்ல. சீக்கிரமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நேரமாச்சுன்னா தாயும் இல்ல புள்ளையும் இல்ல" என்றார். ரொட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு சைட்காரில் மெத்தையைப் போட்டோம். அந்த நிலையிலும் லாத்தா வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் வாசற்படி தாண்டினாள். அதில்லாமல் அவள் தெருவில் கால் வைத்ததை நான் பார்த்ததே இல்லை. மச்சான் இரண்டு விளக்கையும் ஏற்றினார். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது நாங்கள் ஆற்றுப் பாலத்தை நெருங்கிவிட்டோம்.

பாலத்தடியில் ஜப்பான் காவல்காரன் நின்றான். சாதாரணமாக அவன் முன் இறங்கிக் குனிந்து வணங்க வேண்டும். அன்று எங்களைக் கண்டதும் அவன் விறைத்து நின்று, துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே பிடித்து மரியாதை செய்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது, அதன் பிறகு எனக்கும். ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வந்த இரண்டு மங்கல் விளக்கைப் பார்த்து, யாரோ பெரிய அதிகாரியின் கார் வருகிறது என்று நினைத்திருக்கிறான். அந்த நாளில் கார் அவர்களிடம்தானே இருந்தது! ரொட்டிக்காரனுக்கு மரியாதை செய்துவிட்ட ஆத்திரத்தில் "பகேரோ!" என்று அவன் பாஷையில் திட்டிக் கத்திக்கொண்டு மச்சானின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். பூட்ஸ் காலால் ஓரத்து விளக்கை ஓங்கி உதைத்தான். கண்ணாடி நொறுங்கி எண்ணெய் மண்ணில் கொட்டியது. லாத்தா வலியில் அலறியபோதுதான் சைட்காருக்குள் எட்டிப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, போ என்று கை காட்டினான்.

உயிர் பிழைத்தோம் என்று நான் பின்சீட்டில் தாவி ஏறினேன். மச்சான் வண்டியில் உட்கார்ந்தார், கிளப்பவில்லை. இருண்டுபோன இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெளம்புங்க மச்சான்!"

"இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல மாப்ளே. எல்லாரும் வீட்டுக்குத் திரும்புற நேரம். ரோட்டோரம் பூரா ஆளுங்க நடந்து வருவாங்க."

மெல்லப் போனால் லாத்தா பிழைக்கமாட்டாள். விரைந்து போனால் ஒற்றை விளக்கை நம்பி ஒதுங்குகிற யாரோ ஒருவர் பிழைக்கமாட்டார். அவர் மனம் கிடந்து தவித்ததை நான் அவர் முதுகிலேயே பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த யாரோ ஒருவரைப் பற்றி அக்கறையே இல்லை. என் லாத்தா வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது லாத்தா தலையிலிருந்து துப்பட்டியை உருவினாள். இடக்கையை சைட்காருக்கு வெளியே நீட்டி அதைத் தொங்கவிட்டாள்.

"வெள்ளை தெரிஞ்சாப் போதும்ல? ஓட்டுங்க. நான் புடிச்சிக்கிறேன்."

மச்சான் ஓட்டினார். அந்தக் கிழட்டு வண்டி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. காற்றில் துப்பட்டி உப்பிப் படபடத்தது. வலி வரும்போதெல்லாம் லாத்தாவின் உடம்பு மடங்கும், நீட்டிய கை மட்டும் மடங்காது. நான் பின்னாலிருந்து தொண்டை கிழிய "ஓரம்! ஓரம்!" என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். கிழங்குக் கூடையோடு வந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். கைவண்டி தள்ளி வந்த கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர் ஒருவர், இருட்டில் வெள்ளையாய் ஏதோ பறந்து வருவதைக் கண்டு, "ஹந்து! ஹந்து!" என்று அலறிச் சாக்கடைக்குள்ளேயே குதித்துவிட்டார். மலாயில் ஹந்து என்றால் பேய். எந்தச் சட்டத்து விளக்குக்கும் மனிதர்கள் அவ்வளவு தூரம் ஒதுங்கியதில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் இழந்திருப்போம் என்று டாக்டர் சொன்னபோது, வீங்கிய கன்னத்தோடு மச்சான் சுவரில் சாய்ந்து நின்று விம்மினார். மறுநாள் வெளுத்த முகத்தோடு லாத்தா கண் திறந்தாள். பிள்ளையைக் காட்டக் குனிந்த மச்சானிடம் அவள் முதலில் கேட்டது பிள்ளையைப் பற்றி அல்ல.

"யாரையும் இடிச்சிடலியே?"

"இல்ல. எல்லாரும் ஒதுங்கிட்டாங்க."

அதன் பிறகுதான் பிள்ளைக்குக் கை நீட்டினாள். எண்ணெய்க்காகத் தினமும் அவரோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

இப்போது இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் பகலிலேயே விளக்கெரியப் போக வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது, போலீஸ்காரரும் இருக்கிறார். ஆனாலும் சாயங்காலச் சந்தைக்குப் பலகாரம் ஏற்றிப்போகும் சைட்கார்கள் சில, ஓரத்தில் ஒன்றுமே இல்லாமல் என்னை உரசிக்கொண்டு போகின்றன. வயதை மறந்து வாய்க்கு வந்தபடி திட்டிவிடுகிறேன். லாத்தாவும் மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்று பிறந்தவள் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் இருவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன். வயதான பிறகுதான் இன்னொன்றும் தோன்றுகிறது. கூடைக்காரப் பெண்கள், சாக்கடையில் குதித்த மனிதர், நான் பார்க்காமலே கடந்துபோன எத்தனையோ பேர் அன்று முழு உடம்போடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். பேயிடம் தப்பித்ததாகத்தான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். யாருக்கு நன்றி சொல்வது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால், அவர்களுக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.